மாம்பழம் பிடிக்கும் கூடை: தொடக்க வகுப்பில் கணினி விளையாட்டு செய்யவைக்க ஒரு வழிகாட்டி

மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளைக் கணினியில் ஒரு சின்ன விளையாட்டு செய்யவைக்க ஆசை இருக்கிறது, ஆனால் நமக்கே கோடிங் தெரியாது. இந்த நிலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும்தான் இதை எழுதுகிறேன். நானும் அங்கிருந்துதான் தொடங்கினேன். வாரத்துக்கு ஒரு பீரியட், ஐந்து லேப்டாப், சுற்றி நின்று தள்ளிக்கொள்ளும் பிள்ளைகள். அதற்குள் என்ன முடிந்ததோ அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். கற்பித்தல் ஆப் எதுவானாலும், கேள்வியை வேறு யாரோ எழுதியிருப்பார்கள், பிள்ளை பதில் மட்டும் சொல்லும். விளையாட்டைப் பிள்ளையே செய்யும்போது கேள்வியை அதுதான் யோசிக்க வேண்டும். சரியான விடை தெரிந்திருக்க வேண்டும், எந்தத் தவறான விடையில் எதிராளி ஏமாறுவான் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இதை அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1990களின் தொடக்கத்தில் யாஸ்மின் கஃபாய் என்ற ஆய்வாளர் ஒரு பள்ளியில் செய்து பார்த்தார். நான்காம் வகுப்புப் பிள்ளைகள், தங்களைவிடச் சிறிய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கும் கணினி விளையாட்டுகளை உருவாக்கினார்கள். அரையும் காலும் தனக்கே குழப்பமாக இருந்தால், அதை வைத்து இன்னொருவனுக்கு எப்படிப் புதிர் போடுவது? அங்கேதான் படிப்பு நடக்கிறது. கோடிங் அதற்கு ஒரு சாக்கு என்றுகூட நான் சொல்வேன்.

முதல் இரண்டு வாரம் கணினி வேண்டாம்

லேப்டாப்பை மேசைமேல் வைத்துவிட்டால் பிள்ளைகளின் காது மூடிக்கொள்ளும். அதனால் முதல் இரண்டு பீரியட் தரையில் உட்காருங்கள். தாயக்கட்டை, பல்லாங்குழி, பரமபதம் எது கிடைத்தாலும் சரி.

தாயத்தில் தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். 'இது நடந்தால் அதைச் செய்' என்ற நிபந்தனை அது. பல்லாங்குழியில் கையில் இருக்கும் முத்து தீரும்வரை குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகிறோம். அது 'இன்னது ஆகும்வரை திரும்பத் திரும்பச் செய்'. கோடிங் வகுப்பில் பெரிய வார்த்தைகளில் சொல்லப்படும் இரண்டு விஷயங்களும் பாட்டி வீட்டிலேயே பிள்ளைக்குத் தெரியும். அந்தப் பெயர்களை இப்போது சொல்ல வேண்டாம். 'எது நடந்தால்?', 'எதுவரைக்கும்?' என்று கேட்டுப் பழக்கினால் போதும்.

அப்புறம் ஒரு வேலை கொடுங்கள்: பரமபதத்தில் ஒரே ஒரு விதியை மாற்ற வேண்டும். ஒன்றுதான், இரண்டு கிடையாது. என் வகுப்பில் ஒரு குழு, பாம்பு கடித்தாலும் வாய்ப்பாட்டில் ஒரு கேள்விக்குப் பதில் சொன்னால் தப்பிக்கலாம் என்று வைத்தது. உடனே சண்டை. கேள்வியை யார் கேட்பது? எதிராளி கேட்டால் கஷ்டமாகக் கேட்பான், நண்பன் கேட்டால் இரண்டு ஒன்றா இரண்டு என்று கேட்பான். இன்னொரு குழு கட்டத்துக்குக் கட்டம் பாம்பு வரைந்தது. அரைமணி நேரம் ஆடியும் ஒருவரும் மேலே போகவில்லை, அவர்களே பாதிப் பாம்பை அழித்தார்கள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டாவது வாரம் நீங்கள் இயந்திரம். தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, பிள்ளைகள் சொல்வதை அப்படியே செய்யுங்கள், அதற்கு மேல் எதுவும் செய்யாதீர்கள். 'கதவைத் திற' என்றால் நின்ற இடத்தில் வெறுமனே நில்லுங்கள், ஏனென்றால் நடக்கச் சொல்லவில்லை. எதிரில் நிற்கும் பிள்ளை 'வலது பக்கம்' என்று சொன்னால் உங்கள் வலது பக்கம் திரும்புங்கள். அதற்குத் தன் வலது வேறு, இயந்திரத்தின் வலது வேறு என்று உறைக்கும் நொடி அழகானது. பிள்ளைகளுக்காக 1967இல் உருவான லோகோ என்ற கணினி மொழியும் இதே வித்தையில்தான் நின்றது. சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபியூர்சைக் ஆகியோர் உருவாக்கிய அந்த மொழியில், சொன்ன கட்டளைப்படி நகரும் ஓர் ஆமை பின்னர் வந்து சேர்ந்தது. ஆமையின் இடத்தில் தன்னை வைத்துப் பார்த்தால்தான் அதற்கு வழி சொல்ல முடியும்.

எந்தக் கருவி

ஒன்று, இரண்டாம் வகுப்பு என்றால் ஸ்கிராட்ச் ஜூனியர் என்ற செயலி. 2014இல் வந்தது, ஐந்திலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகளுக்கானது, இலவசம். அதன் கட்டளைகளில் எழுத்தே கிடையாது, அம்புக்குறி மாதிரிப் படங்கள்தான். வாசிக்கத் தெரியாத பிள்ளையும் திரையில் இருக்கும் பூனையை நடக்கவைக்கும். டேப்லெட் வேண்டும்.

மூன்றாம் வகுப்புக்கு மேல் ஸ்கிராட்ச். கட்டளைகளைத் தட்டச்சு செய்யாமல், துண்டு துண்டாக இழுத்து ஒட்டி விளையாட்டு செய்யும் மென்பொருள் இது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் ஊடக ஆய்வகத்தில் மிட்செல் ரெஸ்னிக் தலைமையிலான குழு உருவாக்கி 2007இல் வெளியிட்டது. எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களை மனதில் வைத்துச் செய்தது என்றாலும், பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தால் மூன்றாம் வகுப்பிலேயே நடக்கும். இதுவும் இலவசம். தமிழ்நாட்டில் 2019இல் வந்த பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் 'காட்சித் தொடர்பு' என்ற பாடத்தில் இது இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டிய அளவுக்கு இதில் கஷ்டம் ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கே கணினி நிரல் பாடத்திட்டத்தில் உண்டு.

மேக்கோட் ஆர்கேட், மைக்ரோபிட் என்று இன்னும் பல இருக்கின்றன. நல்லவைதான், ஆனால் முதல் வருடம் ஒன்றைத் தொட்டால் போதும். இரண்டு கருவியை எடுத்தால் இரண்டையும் திறக்கக் கற்றுக்கொடுப்பதிலேயே பருவம் முடிந்துவிடும்.

ஸ்கிராட்ச்சைக் கணினியில் நிறுவிக்கொள்ளும் செயலியாகவே இறக்கிக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமல் ஓடும், கணக்கு தொடங்கத் தேவையில்லை, பிள்ளையின் பெயரோ வயதோ எங்கும் போகாது. செல்போனில் முயற்சி செய்யாதீர்கள், திரை சின்னது. பிள்ளைகளின் விரல் ஒரு கட்டளையைத் தொட்டால் மூன்று நகரும்.

ஒரு லேப்டாப்புக்கு இரண்டு பேர். ஒருவர் கை, ஒருவர் வாய். வாய் சொல்வதைத்தான் கை செய்ய வேண்டும், பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மாற வேண்டும். மணி அடிக்காவிட்டால் மாற மாட்டார்கள், ஒரு டைமர் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் போதாவிட்டால் மீதிப் பேர் தரையில் பரமபதத்தைத் திருத்திக்கொண்டிருக்கட்டும், அடுத்த வாரம் அவர்கள் முறை.

கோப்புக்குப் பெயர் வைப்பதை முதல் நாளே பழக்குங்கள். நான் பழக்கவில்லை. ஸ்கிராட்ச் எல்லாக் கோப்புக்கும் தானாக ஒரே பெயரைக் கொடுக்கும். ஒரு வெள்ளிக்கிழமை ஒருவர் வேலையின்மேல் இன்னொருவர் வேலையைச் சேமித்து, இரண்டு வார உழைப்பு காணாமல் போனது. அழுகையை அடக்க எனக்கு ஒரு பீரியட் ஆனது. இப்போது வகுப்பு, இருவர் பெயரின் முதல் எழுத்து, தேதி. அவ்வளவுதான்.

கணினியில் முதல் பீரியட்: பூனை

திரையில் இடது பக்கம் வண்ண வண்ணக் கட்டளைகள், நடுவில் அவற்றை இழுத்து ஒட்டும் இடம், வலது பக்கம் மேலே மேடை, மேடையில் ஒரு பூனை. மேடையில் நிற்கும் எந்த உருவத்துக்கும் ஸ்பிரைட் என்று பெயர். பிள்ளைகளிடம் நிறத்தைச் சொல்லுங்கள்: நீலம் நகர்த்தும், ஊதா தோற்றத்தை மாற்றும், மஞ்சள் தொடங்கிவைக்கும், பச்சை கணக்குப் போடும். ஆங்கிலம் தடுமாறும் பிள்ளையும் நிறத்தையும் வடிவத்தையும் வைத்துச் சமாளித்துவிடும்.

முப்பது நிமிடம் இஷ்டப்படி பூனையோடு விளையாட விடுங்கள். பூனை திரையின் ஓரத்தில் பாதி மறைந்து நிற்கும், தலைகீழாகும், 'மியாவ்' என்று விடாமல் கத்தும். தலைவலி வரும், பரவாயில்லை. கடைசிப் பத்து நிமிடம் ஒன்றே ஒன்று சொல்லிக்கொடுங்கள்: மேடையின் நடுப்புள்ளி பூஜ்யம். அங்கிருந்து வலது ஓரம் 240, இடது ஓரம் -240, மேல் 180, கீழ் -180. குறுக்கே போவது எக்ஸ், மேலும் கீழும் போவது ஒய்.

குறை எண்ணைப் பாடத்தில் நாம் இன்னும் நடத்தவே இல்லையே என்று பதறாதீர்கள். தரையில் கோடு போட்டு நடுவில் பூஜ்யம் எழுதி, வலது பக்கம் 1, 2, 3, இடது பக்கம் அதே எண்கள் முன்னால் ஒரு சின்னக் கோட்டோடு என்று நடக்கவையுங்கள். விதி ஏதும் சொல்ல வேண்டாம், 'அந்தப் பக்கத்து மூன்று' என்று பிள்ளைகளே பெயர் வைத்துக்கொள்வார்கள்.

விளையாட்டு: மேலிருந்து விழும் மாம்பழம்

இதற்கு மூன்று பீரியட் வைத்துக்கொள்ளுங்கள். பூனையை நீக்கிவிட்டு இரண்டு ஸ்பிரைட்டை வரையச் சொல்லுங்கள்: ஒரு கூடை, ஒரு மாம்பழம். ஓவியத்துக்கு ஒரு பீரியட் முழுக்கப் போகும். அதைத் தடுக்காதீர்கள், தான் வரைந்த பழம் என்றால்தான் அதை விழவைக்கும் அக்கறை வரும்.

அடுத்த பீரியட் கூடை. கூடையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, மஞ்சளில் பச்சைக்கொடி போட்ட கட்டளையை இழுத்து வையுங்கள். அதன்கீழ் 'ஃபார்எவர்' என்ற வாய் பிளந்த கட்டளை. அது தன் வாய்க்குள் இருப்பதை நிறுத்தும்வரை செய்துகொண்டே இருக்கும். அதற்குள் 'இஃப்' இரண்டு, அதாவது 'இது நடந்தால் அதைச் செய்' என்ற கட்டளை. முதல் இஃபில் வலது அம்புப் பொத்தான் அழுத்தப்பட்டதா என்ற கேள்வி, உள்ளே 'சேஞ்ச் எக்ஸ் பை 10'. இரண்டாவதில் இடது அம்பு, உள்ளே -10. மேடைக்கு மேலே இருக்கும் பச்சைக்கொடியை அழுத்திவிட்டு அம்புகளை அழுத்திப் பாருங்கள், கூடை நகரும்.

'அம்பை அழுத்தும்போது' என்று தனியாக ஒரு மஞ்சள் கட்டளையும் உண்டு. அதில் வேலை சுலபம், ஆனால் பொத்தானை அழுத்திப் பிடித்தால் கூடை ஒரு முறை நகர்ந்து, சற்று நின்று, பிறகுதான் ஓடும். வேண்டுமானால் முதலில் அதைச் செய்யவிட்டு, 'ஏன் டீச்சர் திக்குது?' என்று கேட்ட பிறகு ஃபார்எவருக்கு வாருங்கள். எனக்கு அந்த வழிதான் பிடிக்கும்.

மூன்றாவது பீரியட் மாம்பழம். முதலில் வேரியபிள் பகுதியில் 'மதிப்பெண்' என்று ஒன்றை உருவாக்குங்கள். வேரியபிள் என்பது ஒரு டப்பா, உள்ளே ஒரு எண், எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அப்புறம் மாம்பழத்தைத் தேர்ந்தெடுத்து, கொடிக்குக் கீழே இந்த வரிசையில் அடுக்குங்கள். மதிப்பெண்ணைப் பூஜ்யமாக்கு. எக்ஸ் என்பதற்கு -200க்கும் 200க்கும் நடுவே ஏதோ ஒரு எண், ஒய் என்பதற்கு 180 என்ற இடத்துக்குப் போ. இதற்கு 'கோ டு' கட்டளைக்குள் பச்சை நிற 'பிக் ராண்டம்' கட்டளையைச் செருக வேண்டும். பிறகு ஃபார்எவர். அதற்குள் மூன்று வேலை: ஒய்யை -5 மாற்று, கூடையைத் தொட்டால் மதிப்பெண்ணில் ஒன்று கூட்டிவிட்டு மறுபடி மேலே போ, ஒய் -160க்குக் கீழே இறங்கினால் மதிப்பெண் இல்லாமல் மேலே போ. மேலே போகும் ஒவ்வொரு முறையும் எக்ஸ் புதிதாக எடுக்கப்பட வேண்டும், இல்லாவிட்டால் பழம் ஒரே இடத்தில் விழும்.

முழுவதையும் கரும்பலகையில் எழுதிப் போட்டு அப்படியே பார்த்து ஒட்டச் சொல்லாதீர்கள். நடக்கும், எல்லா லேப்டாப்பிலும் மாம்பழம் விழும், ஆனால் அடுத்த வாரம் ஒன்றும் நினைவிருக்காது. 'பழம் என்னென்ன செய்யணும்?' என்று கேட்டு, தாயம் ஆடியபோது பேசிய மாதிரி 'எது நடந்தால்?', 'எதுவரைக்கும்?' என்று இழுத்து வாருங்கள்.

என்னென்ன தகராறு வரும்

இந்தப் பகுதியை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டாலும் தப்பில்லை, ஏனென்றால் வகுப்பில் நீங்கள் கேட்கப்போகும் குரல்கள் இவைதான்.

'டீச்சர், மாம்பழம் மேலே ஒட்டிக்கிச்சு.' 5க்கு முன்னால் அந்தச் சின்னக் கோடு இல்லை.

'அம்பை அழுத்தினா பழம் ஓடுது, கூடை நிக்குது.' தவறான ஸ்பிரைட்டில் கட்டளை எழுதியாயிற்று. இதுதான் எல்லாவற்றிலும் அதிகம் நடக்கும் தவறு. இழுத்து ஒட்டும் இடத்தின் வலது மேல் மூலையில், எந்த ஸ்பிரைட்டுக்கு எழுதுகிறோமோ அதன் படம் மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு எழுதப் பழக்குங்கள்.

'ஒரு பழம் பிடிச்சா பதினேழு மார்க் வருது!' இது வந்தால் சந்தோஷப்படுங்கள். தொட்டதும் பழம் மேலே போகாமல் கூடைக்குள்ளேயே இறங்கிக்கொண்டிருக்கிறது. சுற்றுக்குச் சுற்று 'தொட்டாயிற்றா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்றே பதில் வருகிறது. மேலே போகும் கட்டளை விட்டுப்போயிருக்கும். நான் விடையைச் சொல்ல மாட்டேன், ஒய்யை -5க்குப் பதில் -1 ஆக்கி மெதுவாக ஓட்டிப் பார் என்பேன். பார்த்தால் பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

'நேத்து எடுத்த மார்க்கே இருக்கு.' தொடக்கத்தில் பூஜ்யம் ஆக்கவில்லை.

பழம் எவ்வளவு வேகமாக விழ வேண்டும் என்பதில் வரும் சண்டையை ஐந்தாம் வகுப்பில் கணக்குப் பாடமாக மாற்றலாம். 180லிருந்து -160 வரை 340 படி. ஒரு சுற்றுக்கு 5 படி என்றால் 68 சுற்று. ஸ்கிராட்ச் நொடிக்கு 30 சுற்று ஓடும். அப்படியானால் தரைக்கு வர எத்தனை நொடி? இரண்டு நொடிக்குச் சற்று மேல். 10 படி வைத்தால்? வகுத்தலை வெறுக்கும் பிள்ளையும் தன் பழத்துக்காக இந்தக் கணக்கைப் போடும்.

பாடத்தை உள்ளே கொண்டுவருவது

மாம்பழம் விழுந்தால் கோடிங் முடிந்தது, பாடம் இனிமேல்தான். நான் முதலில் எடுத்தது மூன்றின் மடங்கு. 'எண்' என்று இன்னொரு டப்பா. பழம் மேலே போகும் ஒவ்வொரு முறையும் அதில் 1 முதல் 30க்குள் ஓர் எண் விழட்டும், பழம் அந்த எண்ணை 'சே' கட்டளையால் சொல்லிக்கொண்டே இறங்கட்டும். கூடையைத் தொடும்போது ஒரு சோதனை: எண்ணை மூன்றால் வகுத்தால் மீதி பூஜ்யமா? ஆம் என்றால் ஒன்று கூடும், இல்லையென்றால் ஒன்று குறையும். மீதியைத் தருவதற்குப் பச்சைப் பகுதியில் 'மாட்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. நாம் வகுத்தலில் மூலையில் எழுதிவிட்டு மறந்துபோகும் மீதிக்கு முதல்முறையாக ஒரு வேலை கிடைக்கிறது.

ஓடவிட்டுப் பார்த்தால் விளையாட்டு சலிக்கும். காரணம், முப்பது எண்ணில் மூன்றின் மடங்கு பத்துதான். பெரும்பாலான நேரம் ஒதுங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம் என்று கேளுங்கள். இரண்டாவது பழம் விடலாம், மூன்றுக்குப் பதில் இரண்டின் மடங்கு வைக்கலாம், விழும் எண்ணையே மாற்றலாம். எதைத் தேர்ந்தாலும் சரி, ஏன் என்று ஒரு வாக்கியம் நோட்டில் எழுதவேண்டும்.

தமிழ்ப் பாடத்துக்கு ல, ள, ழ. கணினியில் தமிழ்த் தட்டச்சுக்கு மெனக்கெட வேண்டாம். எழுத்தைத் தாளில் பெரிதாக எழுதி, லேப்டாப் கேமராவில் படம் பிடித்து ஸ்பிரைட்டின் உடையாக்கிக்கொள்ளலாம் (ஸ்பிரைட்டின் தோற்றத்துக்கு ஸ்கிராட்ச்சில் 'காஸ்ட்யூம்', அதாவது உடை என்று பெயர்). ஒலிப்பகுதியில் பிள்ளையே சொல்லைப் பதிவு செய்யட்டும்: பழம், பள்ளம், பல். ஒலியைக் கேட்டு அதற்குரிய எழுத்தைப் பிடிக்கவேண்டும். தன் குரலில் 'பளம்' என்று கேட்டதும் பதிவை அழித்து அழித்துப் பதினொரு முறை சொன்ன பையனை எனக்குத் தெரியும். நான் திருத்தியிருந்தால் இரண்டு முறை சொல்லியிருப்பான்.

எல்லாப் பாடத்தையும் இதில் திணிக்க வேண்டாம். விழுவதும் பிடிப்பதும் 'இது சேருமா, சேராதா' என்று பிரிக்கும் பாடங்களுக்குப் பொருந்தும். மற்றவற்றுக்குத் தாளும் பென்சிலும் நன்றாகவே வேலை செய்கின்றன.

சின்னப் பிள்ளைகளைக் கூப்பிடுங்கள்

விளையாட்டு தயார் என்றதும் கீழ்வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரை அழைத்து வந்து விளையாடக் கொடுங்கள். செய்தவர்கள் பின்னால் நிற்கவேண்டும், கை கட்டி, வாய் மூடி. விளக்கம் சொல்லக் கூடாது. இது அவர்களுக்குக் கொடுமையான பத்து நிமிடம். வந்த பிள்ளை கொடியை அழுத்தவே மாட்டாள், மௌஸால் பழத்தை இழுப்பாள், அம்புப் பொத்தான் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. செய்தவர்கள் நோட்டில் மூன்று விஷயம் குறிக்கட்டும்: எங்கே நின்றாள், எங்கே சிரித்தாள், எப்போது எழுந்து போகப் பார்த்தாள். அடுத்த பீரியட் முழுக்க அந்தக் குறிப்பை வைத்துத் திருத்தம்.

மதிப்பெண் போட்டே ஆகவேண்டும் என்றால் விளையாட்டுக்குப் போடாதீர்கள், அந்த நோட்டுக்குப் போடுங்கள். அழகாக ஓடும் விளையாட்டு அண்ணன் செய்து கொடுத்ததாக இருக்கலாம். எது ஓடவில்லை, எப்படிக் கண்டுபிடித்தாய், எதை மாற்றினாய் என்ற மூன்றுக்கும் அண்ணன் பதில் எழுத முடியாது.

பெற்றோர் கூட்டத்தில் ஒரு கேள்வி நிச்சயம் வரும். இதைப் படித்தால் ஐடி வேலை கிடைக்குமா, வெளியே காசு கட்டி வகுப்பில் சேர்க்கலாமா? எட்டு வயதில் ஆப் செய்து சம்பாதிக்கலாம் என்ற விளம்பரங்களை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். நான் பேசுவதில்லை, பிள்ளையின் விளையாட்டைத் திறந்து அப்பாவை விளையாடச் சொல்வேன். அவர் 27ஐத் தவறவிட்டதும் மகள் ஏன் என்று விளக்குவாள்.

இனி, எல்லோருக்கும் முன்னால் 'முடிச்சுட்டேன் டீச்சர்' என்று வந்து நிற்கும் பிள்ளைக்கு. மூன்று வேலை தயாராக வைத்திருங்கள். இருபது மதிப்பெண் வந்ததும் பழம் வேகமாகட்டும். மூன்று பழம் தவறினால் ஆட்டம் முடியட்டும். இரண்டு பேர் சேர்ந்து விளையாட இரண்டாவது கூடை வரட்டும், ஏ, டி பொத்தான்களில் நகரட்டும். மூன்றாவது வேலையோடு போன பிள்ளை அந்தப் பருவத்தில் திரும்பி வராது.